தகரத்துக்கு அடியில் குடித்தனம்

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் வெல்டா. ஆனால் அந்தக் கான்சாஸ் கிராமத்தில் கேட்டால் "பாம்புக்காரி" என்றுதான் சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷன் டெல்மர், கவனிக்காமல் வீட்டு வாசலிலேயே ஒரு பாம்பின்மேல் டிரக்கை ஏற்றிவிட்டான். கருப்புத் தோலில் மஞ்சள் பொட்டுத் தெளித்த, விஷமில்லாத, வாலைக் கிலுக்கும் விஷக் கிலுகிலுப்பைப் பாம்பையே விழுங்கி ஏப்பம் விடுகிற ஜாதி. வெல்டா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதே இனத்தில் இன்னொன்றை இந்த மண்ணுக்கு வரவழைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அதற்கு அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்புவது பழைய தகரத்தைத்தான். இடிந்த கொட்டகையின் துருப்பிடித்த கூரைத் தகரம் இருபதைப் புல்லில் பரப்பினாள். வெயிலில் தகரம் சூடேறும், அடியில் ஈரம் நிற்கும், எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். எல்லாம் சரிதான், இந்த மகராசிக்குப் பொறுமைதான் கிடையாது. காலையும் மாலையும் கொக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். தினம் இரண்டு தடவை கூரையைப் பிரித்தால் எந்த ஜீவன் குடியிருக்கும்?

"மூணு வருஷமா நீ வளக்குறது சில்லுவண்டுதான்," என்றான் டெல்மர். "இந்த மாசக் கடைசிச் சனிக்கெழம பழைய இரும்புக்காரன் வர்றான். அதுக்குள்ள ஒண்ணு வரணும். இல்லன்னா தகரத்தத் தூக்கிக் குடுத்துருவேன்."

"ஏத்திக் கொன்ன ஆளு பேசுற பேச்சா இது," என்றாள். ஆனாலும் கெடு மாறவில்லை.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோழிக்கூண்டுப் பக்கம் சறுக்கி விழுந்து, முட்டி வீங்கி, நாற்காலியோடு முடங்கினாள். ஜன்னல் வழியே தகரத்தைப் பார்த்துப் பார்த்துப் புலம்பல்.

"நீயாவது போய்த் தூக்கிப் பாரேன்யா."

"எனக்கு வேற வேல இல்ல பாரு," என்றான் டெல்மர்.

சனிக்கிழமை இரும்புக்காரன் வந்து நின்றான். டெல்மர் முதல் தகரத்தைத் தூக்கினான். தூக்கியவன், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி அதை மெதுவாக இருந்த இடத்திலேயே இறக்கினான்.

"நீ கெளம்புப்பா. இங்கேருந்து ஒரு தகரமும் நகராது. ஆள் குடிவந்தாச்சு," என்று இரும்புக்காரனை அனுப்பிவிட்டு உள்ளே வந்தான். கண் கலங்கியிருந்தது. "வெல்டா, வந்துருச்சு. அதே மஞ்சப் பொட்டு."

முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, கம்பை ஊன்றிக்கொண்டு தகரத்தருகே போய் நின்றாள்.

"தூக்கிக் காட்டவா?" என்றான்.

அவள் கை கொக்கிவரை போய்த் திரும்பியது. "வேணாம்யா. பத்து நாள் நான் தொடாம விட்டதாலதான் வந்துருக்கு. நிம்மதியா இருக்கட்டும்."

மறுநாள் முதல் டெல்மர் டிரக்கை வெளிக்கதவுப் பக்கமே நிறுத்திவிட்டு, மளிகைப் பையைச் சுமந்துகொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு நடந்து வருகிறான்.