பூச்சிமருந்து வாடை

இன்று காலை எங்கள் குடியிருப்புப் பூங்காவில் புல்லுக்குப் பூச்சிமருந்து அடித்தார்கள். அந்த வாடை ஜன்னல் வழியே வந்ததும், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கிய அப்பாவின் சட்டை நினைவுக்கு வந்தது. எத்தனை முறை துவைத்தாலும் அதில் அந்த வாடை போகாது.

அப்பாவும் அம்மாவும் பங்களாக்களுக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு மண்வெட்டியோடு தொடங்கிய தொழில். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது சொந்தமாக லோடு ஆட்டோவும் புல்வெட்டும் மெஷினும் இருந்தன.

“மூக்குல துணியக் கட்டிட்டு மருந்தடிங்கன்னா கேக்கீயளா?” என்பாள் அம்மா.

“கட்டுனா மூச்சு முட்டுது, பிள்ள” என்று அப்பா சிரிப்பார்.

அந்தக் கோடையில் ஒரு பங்களாவில் பாதி பதித்த புல்தரைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அப்பா புல்லிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

காரியம் முடிந்ததும் அம்மா தனியாகப் போய், பாதியில் நின்ற அந்தப் புல்தரையைப் பதித்து முடித்தாள். பிறகு ஆட்டோவையும் மெஷினையும் விற்கச் சொன்னாள்.

“நல்லா நடக்குத தொழில், யக்கா. மருந்தடிக்க ஆள் வச்சுக்கிடலாம்லா?” என்றார் மாமா.

“வேற எவ புருஷன அனுப்பச் சொல்லுதலே?” என்று அம்மா கேட்டாள்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். நான் எழுந்து போவதற்குள் எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.