பிற மருந்துகள் என்றொரு வரி

எங்கள் மருத்துவமனையில் ஆயுர்வேதப் பிரிவு திறந்தபோது வாசலில் 'ஒருங்கிணைந்த மருத்துவம்' என்று பெரிய பலகை வைத்தார்கள். நான் அங்கே நிர்வாக அலுவலர். எவையெவை ஒருங்கிணைந்தன என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்: ஜெனரேட்டர், செப்டிக் டேங்க், சைக்கிள் ஸ்டாண்ட். மற்றதெல்லாம் தனித்தனி. கவுண்டர் தனி, ஓ.பி. சீட்டு தனி, மருந்தகம் தனி. மாடியில் இருந்த இதய மருத்துவரும் பின்கட்டில் இருந்த ஆயுர்வேத மருத்துவரும் சந்தித்துக்கொண்டது ஆயுத பூஜை அன்று, பொரி வாங்கும் வரிசையில்.

சில மாதம் கழித்து ஆயுர்வேத மருத்துவர் என் அறைக்கு வந்தார். சின்ன வயதுப் பெண். கையில் ஒரு ஓ.பி. சீட்டு.

"சார், ரெண்டு பக்கத்துச் சீட்டுலயும் ஒரே ஒரு வரி சேத்துடுங்க. 'பிற மருந்துகள்'னு. அவங்க என்ன குடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியல. நான் குடுக்கிறது அவங்களுக்குத் தெரியல. ஒண்ணோட ஒண்ணு மோதினா ஆபத்து சார்."

"வாயால கேட்டுக்கலாமேம்மா."

"சொல்ல மாட்டேங்கறாங்க சார். மேல டாக்டர் திட்டுவாருன்னு இங்க வர்றதையே மறைக்கிறாங்க. சீட்டுல வரி இருந்தா நாங்க கேட்டே ஆகணும், எழுதியே ஆகணும்."

சரியான கோரிக்கை. அதனாலேயே எரிச்சலாக இருந்தது. பழைய சீட்டுகள் ஸ்டோரில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. புதிதாக அச்சடிக்க நிர்வாகக் குழு வரை போகவேண்டும். 'அங்கீகரிக்கப்பட்ட படிவத்தில் மாற்றம் செய்ய இயலாத நிலை உள்ளது' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். அந்த வாக்கியத்தின் அழகு, இயலாதது யாருக்கு என்று அதில் இல்லாததுதான். அந்தப் பெண் கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். நானும் ஓய்வு பெற்றேன்.

என் மனைவிக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒரு முறை எங்கள் மருத்துவமனை மாடியில் ரத்தச் சோதனை. சோதனையில் ரத்தம் இளகியிருக்கும் அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் உள்ளே எங்காவது கசியும். இவ்வளவும் எனக்குத் தெரியும். நீல நிறக் கோப்பில், தேதி வரிசையில் வைத்திருந்தேன்.

பிறகு அவளுக்கு முழங்கால் வலி வந்தது. பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். புதிய ஆயுர்வேத மருத்துவர் கஷாயமும் குக்குலு மாத்திரையும் எழுதினார். அதற்கு மஞ்சள் கோப்பு. ஒரு பொருளுக்கு ஒரு கோப்பு என்பது அலுவலக நடைமுறை. இரண்டைக் கலப்பவனை நான் எழுத்தர் என்றே மதித்ததில்லை.

"இங்கிலீஷ் மருந்து ஏதாவது சாப்பிடறாங்களா சார்?" என்று அவர் கேட்டார்.

"அது மாடியில பாக்கறது, அதுக்குத் தனி ஃபைல் இருக்குது டாக்டர்" என்றேன். வெளியே பெஞ்சு நிரம்பியிருந்தது. அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

வலி குறைந்தது. சுவரைப் பிடிக்காமல் வரதராஜப் பெருமாள் கோயில் வரை நடந்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த ரத்தச் சோதனையில் அளவு சற்று ஏறியிருந்தது. மாடியில் இதய மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். "புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "இல்ல சார். நீங்க எழுதினதுதான்."

படியிறங்கும்போது அவள் கேட்டாள். "ஏங்க, கீழ குடுக்கிற மாத்திரைய அவருகிட்ட சொல்ல வேணாமா?"

"அது வேற பிரிவு. அவர் என்ன பண்ணுவாரு அத வச்சிக்கினு?"

"உடம்பு ஒண்ணுதானேங்க" என்றாள். திட்டுவாரே என்ற பயமும் எனக்கு இருந்தது. நிர்வாக அலுவலராக இருந்தவன் வரிசையில் நின்று திட்டு வாங்குவதா? அந்தச் சின்னப் பெண் சொன்ன அதே பயம்தான்.

ஒரு வாரம் போயிருக்கும். பக்கத்து வீட்டில் தறி நெய்யும் அம்மா, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என் மனைவியின் முழங்கையைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? சாயம் ஏறிக்கின மாரி இருக்குது? சாயம் முக்கற எங்க ஊட்டுக்காரர் கை கூட இவ்ளோ நீலமா இருக்காது."

"தறியே நெய்யாம எனக்கு மட்டும் சாயம் ஏறுது பாரேன்" என்று இவள் சிரித்தாள். கதவில் இடித்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தேதியை முன்னே நகர்த்தும் வழக்கம் எனக்கில்லை.

மூன்றாம் நாள் காலை, பூக்காரியிடம் பூ வாங்கிக்கொண்டு திரும்பியவள் வாசல் கேட்டருகே சரிந்தாள். மூளைக்குள் ரத்தக்கசிவு.

இதய மருத்துவரிடம் இரண்டு கோப்புகளையும் கொடுத்தேன். அவர் அவற்றை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். மஞ்சளில் விரல் வைத்து நீலத்துக்குப் போய், மறுபடி மஞ்சளுக்கு வந்தார். அவர் திட்டவில்லை.

"இதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது சார். ஆனா சேத்துச் சாப்பிட்டா அளவு ஏறலாம். தெரிஞ்சிருந்தா வாரம் ஒரு தடவ ரத்தம் பாத்திருப்பேன். மாத்திரைய குறைச்சிருப்பேன்." பிறகு கேட்டார்: "ரெண்டையும் ஒண்ணா வச்சு யாருமே பாக்கலியா?"

உயிர் மிஞ்சியது. வலது கையும் வலது காலும் பேச்சும் போயின.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மருத்துவமனைக்கு ஒரு மனு எழுதினேன். இரு பிரிவின் ஓ.பி. சீட்டிலும் 'பிற மருந்துகள்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று. இணைப்புகளோடு, ஒப்புதல் அட்டையோடு, முறைப்படி அனுப்பினேன். பதிலும் முறைப்படி வந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட படிவத்தில் மாற்றம் செய்ய இயலாத நிலை உள்ளது.' என் நாற்காலியில் இப்போது இருப்பவர் பழைய கோப்பை எடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். முன் நிகழ்வைப் பார்க்காமல் பதில் எழுதக்கூடாது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

போன வாரம் மறுபரிசோதனை. சக்கர நாற்காலியில் மாடிக்குக் கொண்டுபோனேன். அவள் மடியில் ஒரே கோப்பு.

"எப்படிம்மா இருக்கீங்க? தலைவலி இருக்குதா?" என்று மருத்துவர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணி அசைந்தது. ஏதோ ஒரு சத்தம் வந்தது, நின்றது. மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

மருத்துவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார்."