மூன்று ஞாயிறு ஓலை

நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மாதா கோயில் சாமியாரின் குரலில் என் சகலை முதன்முதலாக ஓலை வாசித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூசைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. முன்னால் ஆப்பத் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. "பெயிண்ட் தயாரித்துப் பிழைத்துவரும் இந்தக் கம்பெனியின் ஷேரை நமது குடும்பத்தில் சேர்த்துக்கொள்ள எண்ணியிருக்கிறோம். இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதல் ஓலை." என் மனைவிக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவளுடைய அக்கா, அதாவது சகலையின் மனைவி, கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கோயில் சமாச்சாரத்த கிண்டல் பண்ணிகினு கீறியே, நரகத்துக்குத்தான் போவப் போற."

"போறதுக்கு முன்னாடி கொஞ்சம் காசு மிஞ்சட்டும்னுதான்" என்றார் சகலை.

அவர் இப்போது இல்லை. ராயபுரத்தில் அவருடைய மாடி வீட்டில் அக்கா மட்டும் இருக்கிறார். எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்பார்கள். அதைத்தான் ஓலை என்போம். மூன்றாவது ஓலையும் தடையில்லாமல் தாண்டிய பிறகுதான் தாலி. அந்த வழக்கத்தை அப்படியே தூக்கி ஷேர் வாங்குவதற்கு வைத்தவர் என் சகலை.

வைக்கவேண்டிய நிலைமையும் வந்திருந்தது. அவர் எண்ணூரில் ரப்பர் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். நான் துறைமுகத்துக்கு எதிரே, இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் அலுவலகத்தில் கணக்கு பார்த்தேன். டீக்கடையில் யாராவது ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னால் மதியத்துக்குள் வாங்கிவிடுவோம். பெயரைச் சொன்னவர் அடுத்த மாதம் அந்தக் கடைப் பக்கம் வரமாட்டார். அக்கா என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கினா செவுள தூக்கிப் பாத்துட்டு வாங்குற மனுசன், கம்பெனிய மட்டும் கண்ண மூடிகினு வாங்கிட்டு வர்றாரே, நீங்களாவது சொல்லக்கூடாதா தம்பி?" நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன் என்பது அவருக்குத் தெரியும்.

ஓலை வந்த பிறகு எல்லாம் நிதானப்பட்டது. முதல் ஞாயிறு, அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, அதற்குக் காசு கொடுப்பவர் யார் என்பதோடு முடிந்துவிடும். இரண்டாவது ஞாயிற்றுக்கு ஆண்டறிக்கையைப் படித்துவருவது என் பொறுப்பு: கடன் எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு, விற்காமல் கிடக்கும் சரக்கு எவ்வளவு. விலையைப் பற்றி மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்னால் யாரும் வாய் திறக்கக்கூடாது. விலையை முதலில் கேட்டுவிட்டால் மற்ற எல்லாமே அதற்கேற்றபடி நல்லதாகவோ கெட்டதாகவோ தெரிய ஆரம்பித்துவிடும் என்பார் அவர். தடை சொல்ல மேஜையில் இருந்த நான்கு பேருக்கும் உரிமை உண்டு. ஒரு குக்கர் கம்பெனியை அக்கா ஒரே வாக்கியத்தில் தள்ளினார்: "கைப்பிடி ஆறு மாசத்துல கழண்டு வருது, இவன் இன்னாத்த லாபம் காட்டுறான்?" இன்னொன்றை விலையில் நிறுத்தினார்: "மாப்ள தங்கமானவருதான். சீர்தான் ரொம்ப ஜாஸ்தி கேக்குறாரு." இன்று கைபேசியை விரலால் தொட்டால் ஷேர் வந்துவிடுகிறது. அந்த வேகத்தைப் பார்க்கும்போதெல்லாம், எங்களுக்கு லாபம் தந்தது நாங்கள் வாங்கியவை மட்டுமல்ல, மூன்று ஞாயிறு கடக்க முடியாமல் விழுந்தவையும்தான் என்று தோன்றுகிறது.

சகலை விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்து, வேலையில் கடைசி மாதத்தில் இருந்தபோது ஒரு ஞாயிறு, அவர் எழுந்து நின்று வாசித்த ஓலையில் அவருடைய கம்பெனியின் பெயரே இருந்தது. ஷேர் விலை வெகுவாக இறங்கியிருந்தது. ஓய்வில் வரும் பணம் முழுவதையும் அதில் போடப்போவதாகச் சொன்னார். முழுவதையும் என்றபோது அக்கா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர்களுடைய பையனின் படிப்பு இன்னும் முடியவில்லை. இனிமேல் சம்பளமும் கிடையாது. ஆனால் அன்று யாரும் தடை சொல்லவில்லை. அவருக்குச் சோறு போட்ட இடத்தைப் பற்றி அவரிடமே என்னவென்று சொல்வது? "சந்தையில கீறவனுக்கு இன்னா தெரியும்? கேட்டாண்ட வந்து நின்னு பாக்கச் சொல்லு. லோடு லோடா வெளிய போய்கினே கீது" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கணக்கிடுவோம். புகை போனால், லாரி போனால், கம்பெனி நன்றாக ஓடுகிறது.

அந்த வாரம் ஆண்டறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்தேன். விற்பனை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. விற்காத சரக்கு வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டாவது ஞாயிறு அதைச் சொன்னேன். இத்தனை லாரி வெளியே போகிறதென்றால், விற்காத சரக்கு எப்படி ஏறும் என்று மட்டும் கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏசி ரூம்ல உக்காந்து புக்கு படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்றியா சகல? ஒவ்வொரு கட்டும் என் கை பட்டுத்தான் லாரில ஏறுது."

"ஏறுதுண்ணா. அப்புறம் எங்க போவுது?"

லாரி கேட்டைத் தாண்டியதும் அவருடைய வேலை முடிந்துவிடும். சரக்கு போகும் இடம் எழுதிய காகிதம் வேறு பிரிவுக்காரர்கள் கையில் இருக்கும். இத்தனை வருடத்தில் அதைக் கேட்க அவருக்குத் தோன்றியதே இல்லை. அன்று ஆப்பத்தைப் பாதியில் விட்டு எழுந்துபோனார்.

புதன்கிழமை காலை என் வீட்டு வாசலில் அவருடைய பைக் நின்றது. "லீவு சொல்லு, ஏறு" என்றார். தொழிற்சாலைக்கு எதிரே காத்திருந்து, வெளியே வந்த முதல் லாரியின் பின்னால் போனோம். ஏற்றுமதிச் சரக்கு என்றால் துறைமுகத்துக்குத் திரும்பவேண்டும். அது மணலிப் பக்கம் திரும்பியது. கன்டெய்னர் லாரிகளின் புழுதியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் ஓட்டினார். மணலி புதுநகருக்கு அப்பால், கருவேல மரங்களுக்கு நடுவில் இருந்த தகரக் கூரைக் குடோன் ஒன்றில் லாரி நுழைந்தது.

காவலாளி சகலையின் சீருடையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். கூரை வரைக்கும் குழாய்ச் சுருள்கள். நீல உறை, குறுக்கே இரட்டைப் பட்டை. அந்த இரட்டைப் பட்டை என் சகலையின் யோசனை. அதற்காக ஒரு ஆயுத பூஜையன்று அவருக்குப் பரிசுகூடக் கொடுத்திருந்தார்கள். அடியில் இருந்த கட்டுகளின் உறை வெளுத்திருந்தது. அவர் ஒன்றின்மேல் கையை வைத்து எடுத்தார். உள்ளங்கை முழுக்கத் தூசி.

"இது எப்பப்பா வெளிய போவும்?"

"வர்றதத்தான் நைனா பாக்கறேன். போறத நான் வந்ததுலேர்ந்து பாக்கல" என்றார் காவலாளி.

திரும்பும் வழியில் திருவொற்றியூரில் வண்டியை நிறுத்தி டீ சொன்னார். குடிக்கவில்லை. "அத்தினியும் நான் கட்டினது சகல" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு வழக்கம்போல எழுந்து நின்று, அதே சாமியார் குரலில் ஓலையை முழுவதும் வாசித்தார். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று முடித்துவிட்டு, தன் குரலுக்கு வந்தார். "தடை கீது. நானே சொல்றேன். அந்தச் சரக்கு விக்குமா விக்காதான்னு எனக்குத் தெரியல. தெரியாத எடத்துல இவளோட சோத்த வெக்க மாட்டேன்." உட்கார்ந்தார். அக்கா இன்னொரு ஆப்பத்தை அவர் தட்டில் போட்டார். அந்தப் பணம் பிறகு வங்கி வைப்பிலும், ஓலை தாண்டிய நான்கைந்து கம்பெனிகளிலுமாகப் பிரிந்து போனது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து, வடக்கேயிருந்து ஒரு பெரிய நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை நிலத்தோடு வாங்கியது. ஷேர் பல மடங்கு ஏறியது. பின்னாளில், கூட ஓய்வு பெற்றவர்களில் அந்த ஷேரை வாங்கியிருந்த ஒருவர் வீட்டுக்கு மேல் இரண்டு தளம் எழுப்பினார். செய்தியைப் படித்த அன்று என்னுடைய நாட்குறிப்பில் ஒரு வரிக்குமேல் எழுத முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ராயபுரம் போனேன். தடைக்கான கேள்வியைக் கேட்டவன் நான். போகாமல் இருக்க முடியவில்லை.

அவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். நான் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, அவரே கேட்டார்: "வாங்கினவனுங்க அந்த குடோன் சரக்க இன்னா பண்ணாங்க? ஆபீஸ்ல யாராச்சும் சொன்னாங்களா?"

"தெரியலண்ணா. அவங்க வாங்கினது நெலத்துக்காகன்னு பேசிக்கிறாங்க."

"நெலம் விக்கும்னு நம்ம மேஜையில யாரும் சொல்லல இல்ல?"

"இல்லண்ணா."

"அன்னிக்கு நமக்குத் தெரியாதது இன்னிக்கும் தெரியல. அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச இப்படி வெச்சிகினு வந்து நிக்கிற? உக்காரு."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நம்பாதீங்க தம்பி. மூணு நாளா தனியா உக்காந்து கணக்கு போட்டுகினு கீறாரு. இத்தினி ஷேர் வாங்கியிருந்தா இத்தினி, அத்தினி வாங்கியிருந்தா அத்தினின்னு."

சகலை மறுக்கவில்லை. "போட்டேன். வயிறு எரிஞ்சுது. யாருக்கு எரியாது?" என்றார். பிறகு கீழே தெருவைப் பார்த்துக்கொண்டே, "திரும்ப அந்த ஞாயித்துக்கிழம வந்தாலும் அதத்தான் சகல சொல்வேன்" என்றார்.

அக்கா டீயோடு வெளியே வந்தார். "நானும் அப்ப அதத்தான் சொல்லலாம்னு வாயில வெச்சிருந்தேன்" என்றார் சகலையைப் பார்த்து. "நீ முந்திகினே."