மீனுக்கு ஒரு ஷவர்

எங்கள் வீட்டு ஃபைட்டர் மீன் இன்று சாப்பிட்டுவிட்டது!

புது ஃபில்டர் மாட்டியதிலிருந்து அது படாத பாடு பட்டது. தண்ணீர் விழுகிற வேகத்தில் நீந்த முடியாமல் தொட்டியின் மூலையிலேயே ஒதுங்கிக் கிடந்தது. போட்ட தீனி அப்படியே மிதந்தது. பிழைக்காது என்றே நினைத்தேன்.

காலையில் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து பிளாக் மாலதி அக்காவிடம் புலம்பினேன். அவர் வீட்டிலும் மீன் தொட்டி உண்டு.

"தண்ணி ஒரே எடத்துல விழுந்தா அப்டித்தான்டி. ஒயரிங் பைப்ல வரிசையா ஓட்ட போட்டு, ஒரு முனைய அடைச்சிட்டு ஃபில்டர் வாய்ல சொருவு. பரவலா விழும்" என்றார்.

சாயங்காலம் ஆணியைச் சூடாக்கி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் சிரித்தார்.

"மீனுக்கு ஷவர் கட்டிக்கினு இருக்கியா?"

பைப்பை மாட்டியதும் தண்ணீர் தூறலாக விழுந்தது. மீன் மெல்ல மூலையை விட்டு வந்து, வாலை விரித்து ஒரு சுற்றுச் சுற்றியது. தீனியை லபக்கென்று விழுங்கியபோது நான் கத்தியே விட்டேன்.

சிரித்த மனிதர் இப்போது தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரே ஒரு ஓட்டை மட்டும் திசை மாறி, தொட்டியைத் தாண்டி அவர் முகத்தில் பீச்சுகிறது. அடைக்கச் சொல்கிறார்.

அடைக்கவா, அப்படியே விட்டுவிடவா?