மஞ்சள் தெரியாத கண்

பெயிண்ட் கடையில் அவளை எல்லாரும் கலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் கொடுத்தால் போதும், அதே நிறத்தைக் கலக்கிக் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள், வெள்ளை கேட்டவர்களுக்கெல்லாம் சந்தன நிறத்தைக் கொடுக்க ஆரம்பித்தாள். டப்பாக்கள் திரும்பி வரவும், முதலாளி கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா வழக்கம்போல் கத்தியால் சின்னதாகக் கீறி, புரையை உடைத்து உறிஞ்சி, லென்ஸ் வைத்தார். கட்டைப் பிரித்ததும் நர்சின் வெள்ளைக் கோட்டு கண்ணைக் கூச வைத்தது. இத்தனை நாளாகப் புரைதான் எல்லாவற்றின் மேலும் மஞ்சளைப் பூசி வைத்திருந்தது என்றார் டாக்டரம்மா. கலர் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து போனில் புருஷனின் கடைசிப் படத்தை எடுத்துப் பார்த்தாள். அவர் போன வருடம் கல்லீரல் கெட்டு இறந்துபோனவர். தெரியவந்தபோது கைமீறிப் போயிருந்தது. கண் மஞ்சளானதை யாருமே கவனிக்கவில்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அப்படி எதுவுமே இல்லை என்று இவள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

படத்தில் அவருடைய கண் மஞ்சளாக இருந்தது. முகமும்தான். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மனுஷன் நன்றாக இருந்தார்.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த கண்ணை லேசரில் செய்துவிடலாம் என்று மகள் கூட்டிப் போனாள். லேசரில் கீறல் இன்னும் அளவாக விழும், புரையையும் அதுவே முதலில் துண்டாக்கிவிடும், ஆனால் வைக்கிற லென்ஸ் ஒன்றுதான், பார்வையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று டாக்டரம்மா விளக்கினார்.

"எதுல பண்ணா மஞ்சள் தெரியாது?" என்று கேட்டாள் அவள்.

டாக்டரம்மா வேறு மாதிரி புரிந்துகொண்டார். "கவலைப்படாதீங்க. ரெண்டுலயும் எல்லா நிறமும் பளிச்சுன்னு தெரியும்."

சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் மகள் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்: அந்த ஒரு கண்ணிலாவது அவர் நோயில்லாமல் இருக்கட்டும்.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்பா கண்ண நான் பாத்தேம்மா" என்றாள். "லீவுக்கு வந்தப்போ. தூக்கமில்லாததால அப்படி இருக்குன்னு நெனச்சேன். எனக்குப் புரையெல்லாம் இல்ல."

அடுத்த மாதம் இடது கண்ணையும் கத்தியிலேயே செய்துகொண்டாள். மகள்தான் கூட இருந்து வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டாள்.

இப்போது கடையில் நிறம் தப்புவதில்லை. ஆனால் வருகிறவர்களின் கண்ணை முதலில் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறாள். சிலர் சங்கடப்பட்டு முதலாளியிடம் முறையிட்டார்கள். மகள் வீடியோவில் கூப்பிட்டாலும், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால், "லைட்டுக்கு நேரா வா" என்கிறாள். மகளும் வந்து கண்ணை விரித்துக் காட்டுகிறாள்.