அசுரர்களை எண்ணப் போனது

1999 ஜனவரி 14, வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருபது நிமிடம். கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், மகளின் ரவுன்ஹவுஸ் வரிசைவீட்டு யன்னலில் மாட்டியிருந்த வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று காட்டியது. வாசல்படி ஏழில் நான்கைப் பனி விழுங்கிவிட்டது. பனி வழிக்க இராணுவத்தைக் கூப்பிட்டிருப்பதாக ரேடியோவில் கேட்டதும், ஓர் இராணுவத்துக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடிவந்த என் மனைவி முன்கதவின் இரண்டாவது பூட்டையும் போட்டார். பொங்கல் பானை அடுப்பில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நான் கம்போடியாவுக்குப் போகப்போவதாகச் சொன்னேன்.

"அங்க ஆர் இருக்கினம்?" என்றார் மனைவி.

"ஒருத்தரும் இல்லை."

"ஆற்றையும் கலியாணமோ?"

"இல்லை."

"அப்ப செத்தவீடோ?"

எங்கள் ஆட்களுக்குப் பயணம் போகக் காரணங்கள் மூன்று: கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு. நான்காவதாக ஒன்று இருந்தால் அதைக் குடிவரவு அதிகாரியிடம் மட்டும்தான் சொல்வோம்.

"கோயில் பார்க்கப் போறன். பழைய கோயில். இடிஞ்சது."

"ரிச்மண்ட் ஹில்லில இடியாத கோயில் இருக்கு. பஸ்ஸிலயே போகலாம்."

என் இடது கண் இரண்டு வருடத்துக்கு முன்பே கடையைப் பூட்டிவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம். வலது கண்ணும் ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டு வந்தது. நவம்பரில் வைத்தியர், இன்னும் ஒரு வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு, பார்க்க விரும்புவதை இப்போதே பாருங்கள் என்றார். நயாகராவைச் சிபாரிசும் செய்தார். நயாகராவை நான் பதினான்கு தரம் பார்த்துவிட்டேன். ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் யார் வந்தாலும் அவர்களை அங்கே கொண்டுபோய்க் காட்டாவிட்டால் உறவு முறிந்துவிடும்.

அதே வைத்தியரின் காத்திருப்பு அறையில், அட்டை கிழிந்த ஒரு சஞ்சிகையில்தான் அந்தப் படத்தைக் கண்டேன். அங்கோர்வாட் கோயிலின் நீண்ட சுவர். ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் பாம்பைப் பிடித்து இழுத்துப் பாற்கடல் கடைகிறார்கள். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகம் அசுரர் தொண்ணூற்றிரண்டு, தேவர் எண்பத்தெட்டு என்றது. அரசாங்கக் கணக்காய்வாளனாக முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் நான். இன்னொருவர் எண்ணியதை அப்படியே நம்பிப் பழக்கமில்லை. இருக்கிற ஒரு கண்ணால் அவர்களை நானே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இதை மனைவிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்மணி முழங்கால் உயரச் சப்பாத்தோடு வடை கொண்டுவந்தார்.

"அங்கிள் எங்கயோ போறார்போல, கதை வாசல்வரைக்கும் கேக்குது?"

எழுபத்தொரு வயதுக் கணவன் ஒரு காரணமும் இல்லாமல் ஊர்சுற்றப் போகிறான் என்று மனைவி எப்படிச் சொல்வார்? ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"அது பிள்ளை, அவருக்குக் கண்ணுக்கு ஒரு நேர்த்திக்கடன். அங்க ஒரு பெரிய பெருமாள் கோயிலாம்."

"அப்பிடிச் சொல்லுங்கோ அன்ரி. நான் என்னவோ ஏதோவெண்டு பயந்துபோனன்."

பத்து நிமிடத்துக்கு முன்பு புத்தி பேதலித்தவனாக இருந்த நான் அந்த நிமிடமே பக்தனானேன். ஒரு கிழமைக்குள் அர்ச்சனைகள் வந்து சேரத் தொடங்கின. பெயர், நட்சத்திரம், வேண்டுதல், கூடவே இரண்டு டொலர்க் குத்தி நாணயம் ஒன்று. மல்வேர்னில் தொடங்கி மோர்னிங்சைட் தாண்டி வோபர்ன் வரை பரவியது. பூரட்டாதிக்கு வீடு அமைய வேண்டும். கேட்டைக்கு ஸ்பொன்சர் சரிவர வேண்டும். ரோகிணிக்கு மாப்பிள்ளை, அதுவும் கனடாவிலேயே. கடைசியாக மருமகன் வந்தார்.

"மாமா, என்ர பேரையும் போடுங்கோ."

"உமக்கு உதில நம்பிக்கை இல்லையே?"

"இல்லைத்தான். ரெண்டு டொலர்தானே."

மொத்தம் நாற்பத்துமூன்று பேர், எண்பத்தாறு டொலர். காசு வாங்கியாயிற்று, இனி அது நம்பிக்கைப் பொறுப்பு. விமான நிலையத்தில் மனைவி காதோடு சொன்னார்: "முதல் சாமி, பிறகுதான் சுத்திப்பார்க்கிறது. ஒரு பேரும் விடப்படாது. விட்டால் அந்த ஆளுக்கு என்ன நடந்தாலும் உங்கட தலையிலதான்."

மார்ச் முதல் வாரம் பாங்கொக் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். நிழலிலேயே முப்பத்தைந்து பாகை. மோட்டார் சைக்கிள் ஓட்டி ஒருவரை நாளுக்கு ஆறு அமெரிக்க டொலருக்குப் பேசிக்கொண்டேன். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். வழியில் வயல் ஓரங்களில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். மிதிவெடிக்குப் பயந்து ஊரை விட்டவன், கையிலிருந்து காசு கொடுத்து அதன் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தேன்.

நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு இருபது டொலர், மூன்று நாளுக்கு நாற்பது. நூற்றெண்பது உருவங்கள், ஒன்றுக்கு ஐந்து செக்கன் வைத்தாலும் பதினைந்து நிமிடம். மூன்று நாள் வாங்குவது ஊதாரித்தனம். ஒரு நாள் சீட்டு வாங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம்.

மேற்கு வாசலிலேயே பெருமாள் நிற்கிறார். எட்டுக் கை, ஆளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயரம், காவித் துணி சுற்றியிருக்கிறது. சனங்கள் புத்தரைக் கும்பிடுகிற மாதிரியே அவரையும் கும்பிடுகிறார்கள். அவரும் மறுப்புச் சொல்வதாகத் தெரியவில்லை. ஐயர் இல்லை, மணி இல்லை. ஊதுபத்தி விற்கும் ஒரு வயதான அம்மா மட்டும் இருந்தார். கடதாசியை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். நாற்பத்துமூன்று பேர், நாற்பத்துமூன்று கையெழுத்து. பெயருக்கு ஓர் ஊதுபத்தி கொளுத்தித் தந்துகொண்டிருந்த அம்மா, பன்னிரண்டாவது பெயரில் என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. ஓட்டியிடம் ஏதோ கேட்டார்.

"இவ்வளவு பேரையும் எந்த வருடம் இழந்தீர்கள் என்று கேட்கிறார்" என்றார் ஓட்டி.

ஒருவரும் சாகவில்லை, எல்லோரும் ஸ்காபரோவில் இருக்கிறார்கள், வீடும் விசாவும் கேட்கிறார்கள் என்றேன். ஓட்டி சொல்லச் சொல்ல அம்மா நம்பாமல் பார்த்தார். பிறகு பக்கத்தில் பூ விற்பவரைக் கூப்பிட்டுச் சொன்னார். நாற்பத்துமூன்று பெயர் தெரிந்தவன், நாற்பத்துமூன்று பேரும் உயிரோடு. இரண்டு பேரும் என்னைப் பார்த்தது ஒரு பணக்காரனைப் பார்ப்பதுபோல் இருந்தது. மிச்சம் முப்பத்தொரு பத்திக்கும் அந்த அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். நான் எண்பத்தாறு டொலருக்குரியதை அமெரிக்கக் காசாக உண்டியலில் போட்டேன்.

மருமகனின் பெயரோடு முடியும்போது பத்து மணி ஐம்பது. முழங்காலோடு பேரம்பேசிக்கொண்டு பாற்கடல் இருக்கும் கிழக்குச் சுவருக்குப் போய்ச் சேர மத்தியானம் திரும்பிவிட்டது. அந்தச் சுவர் கிழக்கைப் பார்த்தது. காலை வெயில்தான் அதில் விழும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. என் கண்ணுக்கு அங்கே இருந்தது கறுப்பில் கறுப்பு. முதல்முறை முப்பத்தொன்றில் தடுமாறினேன். இரண்டாம்முறை நாற்பத்துநான்கில் ஒரு சுற்றுலாக் கூட்டம் குறுக்கே வந்து நின்றது. மூன்றாம்முறை எது தலை, எது தூணின் நிழல் என்றே தெரியவில்லை.

படியில் குந்திக்கொண்டு யோசித்தேன். நாற்பத்துமூன்று பேருக்கும் வந்த அலுவல் முடிந்தது. நாற்பத்துநான்காவது ஆள் வெறுங்கையோடு திரும்பப் போகிறான், அடுத்த வருடம் வந்தால் அவனுக்குச் சுவரே தெரியாது. ஓட்டியிடம் விமானக் கம்பனியின் கந்தோருக்கு விடச் சொன்னேன். பயணத்தை ஒரு நாள் தள்ளி மாற்றுவதற்கு எழுபத்தைந்து டொலர். பாங்கொக்கில் இணைப்பு விமானம் தவறுவதால் அங்கே ஓர் இரவு விடுதிக் கூலியும் என் தலையில்.

அடுத்த நாள் விடிய இன்னொரு இருபது டொலர் கொடுத்தேன். சீட்டு வெட்டுகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேற்றே நாற்பது கொடுத்திருந்தால் மூன்று நாள்" என்றார். அந்தக் கணக்கு இரவு முழுக்க எனக்குத் தெரிந்திருந்தது.

ஏழு மணி பத்துக்கு வெயில் சுவரில் குறுக்காக விழுந்தது. ஒவ்வொரு மூக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. அசுரர் தொண்ணூற்றொன்று. புத்தகம் பிழை என்று ஒரு சந்தோசம். முறைப்படி இரண்டாம்தரம் எண்ணினேன். இடது கண் இல்லாத பக்கம் ஒருவரை விட்டிருந்தேன். தொண்ணூற்றிரண்டு. தேவர் எண்பத்தெட்டு, இரண்டு தரமும் எண்பத்தெட்டு. பிறகு எண்ணாமல், ஓட்டி தேடி வரும்வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே மனைவி கேட்டார்: "அர்ச்சனை எல்லாம் சரியோ?"

"ஓம். நாற்பத்துமூண்டும்."

"உங்கட அசுரர்?"

"தொண்ணூற்றிரண்டு. தேவர் எண்பத்தெட்டு."

"அதைத்தானே புத்தகத்திலயும் போட்டிருந்தது?"

"ஓம்."

"அப்ப சரி" என்று தேத்தண்ணி வைக்கப் போனார். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து, "வடிவாத் தெரிஞ்சதோ?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன்.

விமானச் சீட்டுகள், விசா, விடுதிகள், ஓட்டி, நாற்பது டொலருக்கு இரண்டே நாள், சீட்டு மாற்றிய கூலி எல்லாம் சேர்த்துக் கனேடியக் காசில் இரண்டாயிரத்துத் தொளாயிரத்து எழுபது டொலர். நூற்றெண்பதால் பிரித்தால் தலைக்குப் பதினாறு டொலர் ஐம்பது சதம்.