சோஹாரில் நான் பார்த்த பறவை

பறவை பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். மேலதிகாரி பறவை பார்க்கும்போது பக்கத்தில் நோட்டோடு நிற்பதற்கு என்ன பெயர் என்று யாரும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை லீவைத் துரைமாருக்குத் தாரைவார்த்துவிட்டு, துணி துவைக்க நேரமில்லாமல் திரிந்த சகோதரர்களே, இது உங்களுக்குத்தான். எழுபதுகளின் நடுவில், ஓமானில் சோஹார் பக்கம் ரோடு போட்ட கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். டைப் தெரிந்தவனுக்குப் பறவை எண்ணவும் தெரியும் என்று எங்கள் பெரிய எஞ்சினியர் துரை தாமாகவே முடிவு செய்துகொண்டார்.

தொடைக்கறி

துரைக்கு இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம். வேலியோரம் மழையில் மூன்று மணி நேரம் நனைந்தால் ஒரு குருவி தெரியுமாம். அதற்குச் சுகம் என்று பெயர். சோஹாரில் அப்படி மழை இல்லாதது அவருக்குப் பெரிய குறை. ஈடுகட்ட எங்களை வெயிலில் உட்காரவைத்தார். பேசக்கூடாது, இருமக்கூடாது, வெள்ளைச் சட்டை கூடாது.

ஒருநாள் கழிமுகத்தில் பூநாரைக் கூட்டம் இறங்கியது. துரைக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி ஓட்டும் கீழக்கரை காசிம் பாய் பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டு உசரம் வளந்திருக்கு, தொடையில ஒரு பிடி கறி இல்லையே தம்பி!"

முட்டை

சித்திரை மாதம், ரோடு போகிற வழியிலேயே ஓர் உப்புக்கொத்திப் பறவை மணலில் மூன்று முட்டை இட்டுவிட்டது. துரை புல்டோசரை நிறுத்தினார். சுற்றிலும் டிரம், கயிறு, நான்கு மொழியில் எச்சரிக்கை போர்டு. குஞ்சு பொரிக்கும்வரை அந்தப் பக்கம் வேலை, அரபுக்காரர்கள் சொல்வதுபோல் கலாஸ், முடிந்தது.

எங்கள் ரூமில் ஃபேன் நின்று அப்போது இரண்டு மாதம். மூன்று மனு கொடுத்திருந்தோம். புல்டோசர் ஓட்டும் பெஷாவர்க்காரர் கான் போர்டை ஒருமுறை சுற்றிவந்து கேட்டார்: "பாய், நாமும் ஒரு முட்டை போட்டால் ஃபேன் வருமா?"

லீவு

தையில் தங்கைக்குக் கல்யாணம். ஹோமத்தில் பொரியிட அண்ணன் கை வேண்டும், வந்துவிடு என்று அப்பா எழுதியிருந்தார். லீவு மனுவை நீட்டினேன். "ஜனவரியா? பறவை சீசனாயிற்றே! ஜூனில் போ" என்றார் துரை. அந்தப் பறவைகளெல்லாம் யாரிடம் லீவு கேட்டுவிட்டு வந்தனவோ!

துரை சந்தோஷமாக இருக்கும்போது நீட்டினால் கையெழுத்து விழும் என்று கணக்குப் போட்டேன். சின்ன வயதிலிருந்து கதை கேட்டு வளர்ந்த நாக்கு, சும்மா இருக்குமா? அலையாத்திப் புதருக்குள் நேற்று ஒரு பறவை பார்த்தேன் என்றேன். சிவப்புக் கொண்டை, கறுப்புத் தொண்டை, கவட்டை வால். துரை புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி ஒன்று அதில் இல்லை. இருந்தால்தானே! எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மஸ்கட்டிலிருந்து இன்னும் இரண்டு வெள்ளைக்காரர்களை வரவழைத்தார். நல்ல நேரம் பார்த்து மனுவை மறுபடி நீட்டினேன். அவர் சொன்னார்: "அதைப் பார்த்த ஒரே ஆள் நீ. உன்னை எப்படி அனுப்புவது?"

வாக்குமூலம்

முகூர்த்தத்துக்கு எட்டு நாள். மூன்று வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் ஈர மணலில் குந்தியிருந்தேன். "உள்ளதச் சொல்லிப்புடு தம்பி. வேலை போனாலும் ஊருக்குத்தானே அனுப்புவான்" என்றார் காசிம் பாய். நியாயம்தான். துணிந்து சொல்லிவிட்டேன்: "சார், நான் எந்தப் பறவையையும் பார்க்கவில்லை. பொய் சொன்னேன்."

துரை பைனாகுலரை இறக்கி என்னை அன்போடு பார்த்தார். தோளில் தட்டினார். "நல்ல பறவை பார்ப்பவனுக்குத்தான் இப்படித் தன் கண்மேலேயே சந்தேகம் வரும். பொறுமையாக உட்கார்."

இல்லாத பறவை வருமென்று காத்திருந்து, இருக்கிற தங்கையின் கல்யாணத்தைக் கோட்டைவிட்ட அண்ணன் அந்தக் கடற்கரையில் நான் ஒருவன்தான்.